சாம்பியன் ரீப்ஸ் வழியாகச் சிலிக்கு

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை. காலையில் பெங்களூரு கன்டோன்மென்டில் ரயில் ஏறும்போது என் கையில் ஒரு டப்பா மைசூர்பாகும் தலையில் ஒரு பொறுப்பும் இருந்தன. மைசூர்பாகு சுலபம், கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பொறுப்பு அப்படியில்லை.

என்னோடு ஆராய்ச்சி செய்கிற மெர்சி தங்கவயல்காரி, பழைய தங்கச் சுரங்க ஊர். தினமும் ரயிலில் வந்து போகிறவள். நம் பால்வெளியைச் சுற்றி வருகிற குட்டி கேலக்சிகளை வைத்து, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின், அதாவது டார்க் மேட்டரின், குணத்தைக் கண்டறிவது எங்கள் வேலை. அவளுக்குச் சிலி நாட்டில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அவள் அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பேச்சை எடுத்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாராம். அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்பார்கள். "நைனா வாயால சொல்லாம நான் போவமாட்டேன்க்கா" என்று இவள் ஒரே பிடிவாதம். திங்கட்கிழமை பதில் அனுப்பியாக வேண்டும். அதனால் தூது போக நான் கிளம்பினேன்.

பங்காருபேட்டை எழுபது கிலோமீட்டர். அங்கே இறங்கி, மாரிகுப்பம் வரை போகிற கிளை வண்டிக்கு மாறினேன். பதினாறே கிலோமீட்டர்தான் அந்தப் பாதை, வண்டிக்கும் அவசரம் கிடையாது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் பெங்களூரில் நர்ஸ், ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறார்.

"ஊர் பாக்க வந்தீங்களா மேடம்? இங்க இன்னா கீது பாக்க?" என்றார்.

தினமும் இப்படி அலைவதற்குப் பெங்களூரிலேயே வீடு எடுக்கலாமே என்றேன்.

"எடுக்கலாம். இங்க வந்து படுத்தாதான் தூக்கம் வருது. இன்னா பண்றது சொல்லுங்க?" என்று சிரித்தவர், அடுத்த நிமிடமே ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

சாம்பியன் ரீப்ஸ் என்கிற அவர்கள் பகுதிக்குச் சாம்பியன்தான் ஸ்டேஷன். அங்கே மெர்சி ஸ்கூட்டியோடு நின்றாள். துருப்பிடித்த இரும்புக் கோபுரம் ஒன்று வானத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில்தான் சுரங்கத்துக்குள் இறங்குகிற பழைய ஷாஃப்ட், மூன்று கிலோமீட்டர் ஆழக் குழி. சாலையோரமெல்லாம் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், வெளுத்த குன்றுகளாகக் கிடந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் பட்டதே தவிர மனதில் ஏறவில்லை. நைனாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதே யோசனை.

நைனாவின் பெயர் டேனியல். சுரங்கம் மூடும்வரை அங்கே வேலை செய்தவர், ஒல்லியான, மரியாதையான மனிதர். "ஸ்தோத்திரம் மேடம், வாங்க வாங்க" என்று வாசலுக்கே வந்துவிட்டார். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுதான், முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். மெர்சியின் அம்மா கிரேஸ் ராகிக் களியும் கறிக்குழம்பும் பரிமாறினார். நான் விருதுநகர்க்காரி, களியை நன்றாக மென்று தின்றேன்.

"ஐயையோ, மெல்லக்கூடாது மேடம்! கொழம்புல தோச்சி அப்டியே முழுங்கணும்" என்று கிரேஸ் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். டேனியலும் சிரித்தார். இதுதான் சமயம் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான்.

"சார், மெர்சி சிலிக்குப் போற விஷயமா..."

சிரிப்பு நின்றது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"பாத்தீங்களா? ரெண்டு மாசமா இதே கத" என்றார் கிரேஸ் அம்மா. மெர்சி தலை நிமிரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. நானும் கையைக் கழுவிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

"என் மேல கோவமா சார்?"

"உங்க மேல இன்னாத்துக்குக் கோவம்? சயின்டிஸ்டுங்க நல்லவங்கதான். நான் வேலைக்கிச் சேந்தப்போ இங்க வந்தவங்களும் நல்லவங்கதான். எங்ககூடவே கேஜ்ல எறங்குவாங்க. பொட்டி பொட்டியா மிசினுங்க. நான் தூக்கிகினு போயிருக்கறேன்." கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு. அவர் பார்வை துருப்பிடித்த கோபுரத்தின் பக்கம் போனது. "அதே எடத்துல பாற வெடிச்சி எங்க அண்ணன் செத்துப் பூட்டாரு. அன்னிக்கே சர்ச்சுல முட்டி போட்டுச் சொன்னேன், எனக்குப் பொறக்கிற புள்ளைங்க கேஜ்ல கால வெக்காதுன்னு. இவ இப்ப சிலிக்குப் போறேங்கிறா. சிலி எனக்குத் தெரியாதா மேடம்? டிவில பாத்தமே. சொரங்கத்துல மாட்டிகினாங்களே, அவங்களுக்காக நாங்க இங்க ப்ரேயர் பண்ணோம். டார்க் மேட்டராம். இருட்டுலதான வேல? போன்னு எப்டிச் சொல்வேன்? வேணான்னு சொன்னா புள்ள மனசு ஒடஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. கரும்பொருளின் துகள் ஒன்றாவது வந்து மோதாதா என்று பழைய சுரங்கங்களுக்குள் கருவி வைத்துக் காத்திருப்பவர்கள் நிஜமாகவே உண்டு. விண்ணிலிருந்து வரும் நுண்துகள்களைத் தேடி இந்த ஊருக்கு வந்த விஞ்ஞானமும் சுரங்கத்துக்குக் கீழேதான் இறங்கியது. எங்கள் வழி வேறு என்று அந்த மனிதருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சார், மெர்சி பாக்கறது வானத்தை" என்றேன். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினேன். "மெர்சி! இங்க வாடி!"

ஓடி வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பிளந்தாள். "நைனா! இத்தினி வருசமா நான் இன்னா படிக்கறேன்னு நெனச்சிகினு இருந்தே?"

"நீ சொல்லவேயில்லியே."

"நீ கேக்கவேயில்லியே!"

"ரெண்டும் ஒரே அச்சு. வாயத் தொறந்தா முத்து உதுந்துடும்" என்றார் வாசற்படியிலிருந்து கிரேஸ் அம்மா.

மெர்சி அப்பாவைத் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தாள். "பெங்களூர ஒரு பெரிய கேலக்சின்னு வெச்சிக்க நைனா. நம்ம ஊரு அத சுத்தற குட்டி கேலக்சி. அதுல கொஞ்சம் நட்சத்திரந்தான். அதுங்க ஓடற வேகத்துக்கு என்னிக்கோ செதறிப் போயிருக்கணும். நம்ம ஜனங்க தெனம் பெங்களூருக்கு ஓடிட்டு இங்கியே திரும்பி வருதில்ல, அப்டி அங்கியே சுத்துதுங்க. கண்ணுக்குத் தெரியாத இன்னாவோ ஒண்ணு புடிச்சி வெச்சிருக்குது."

"பெருசுலயே பாக்கலாமே, குட்டி எதுக்கு?" என்று கேட்டார் டேனியல்.

"பெருசுல வெளிச்சம், புகை, வெடிப்புன்னு ஆயிரம் கலாட்டா. குட்டில முக்காவாசி அந்தத் தெரியாத பொருள்தான். அது நடுவுல கெட்டியா குவிஞ்சிகினு கீதா, பரவலா கீதான்னு பாத்தா, அந்தத் துகளுங்க ஒண்ண ஒண்ணு இடிச்சிக்குதா இல்லியான்னு கண்டுபுடிக்கலாம்."

"எங்கேந்து பாப்பே?"

"மல மேல. ரெண்டரை கிலோமீட்டர் ஒசரம்."

"மேலயா?"

"மேலதான் நைனா."

"மேலயா?" என்று மறுபடி கேட்டார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. மெர்சி தன் துப்பட்டாவால் அவர் முகத்தைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இரண்டு மாதமாக மகளைக் கண்முன்னாலேயே கேஜில் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார் பாவம்.

பிறகு உள்ளே வந்து, ஆறிப்போன களியை எடுத்து முழுங்கினார். "போயிட்டு வா" என்றார். மெர்சி அதைக் கேட்டுவிட்டு என் மடியில் கவிழ்ந்து அழுதாள். நான் கொண்டுபோன மைசூர்பாகு டப்பாவை அப்போதுதான் யாரோ பிரித்தார்கள்.

மாலை வண்டிக்கு டேனியல்தான் என்னோடு நடந்து ஸ்டேஷனுக்கு வந்தார். நான் விருதுநகரை விட்டுக் கிளம்பியபோது என் அப்பா நல்ல சாப்பாடு கிடைக்குமா என்று மட்டும்தான் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஆபத்து அது ஒன்றுதான். இந்த மனிதருக்குத் தெரிந்ததோ வேறு. பெற்றவர்கள் தாங்கள் பட்டதை வைத்துத்தானே பயப்பட முடியும்?

வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். டேனியல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்க வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தார்.

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்ல மேடம். அந்த மல மேல கட்டடத்துல... லிஃப்டு கிஃப்டு எதுனா கீதா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இருக்கும் சார். ஆனா தரையிலேர்ந்து மேலதான் போகும்."

வண்டி நகர்ந்தது. அவரும் கூடவே நாலெட்டு வந்தார். "அது போதும் மேடம்," என்றார், "அது போதும்."