கவிதாவின் நெற்றியில் திருநீறு

ஆஸ்பத்திரி அறையில் நான் இருந்தேன், மனைவி சாந்தி இருந்தாள், கட்டிலில் மகள் கவிதா, பக்கத்தில் மலாய்க்கார நர்ஸ். நான் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். கவிதாவுக்கு ரத்தப் புற்றுநோய். அவளுடைய ரத்த அணுக்களையே எடுத்து, புற்றை அடிக்கிற மாதிரி மாற்றி, திரும்ப ஏற்றியிருந்தார்கள். காய்ச்சல் வந்தால் உடனே மருந்து போட வேண்டும், விட்டால் அந்த அணுக்களே ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாந்தி கோயில் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மகள் நெற்றியில் அப்பிக்கொண்டே இருந்தாள். சாமி விஷயம் என்று நர்ஸ் அதைத் தொடவில்லை. அதன் மேலேயே காய்ச்சல் கருவியைக் காட்டினாள். காய்ச்சல் இல்லை என்றது.

"பாத்தீங்களா, சாமி இருக்கு லா," என்றாள் சாந்தி.

"அப்பா, குளிருது. ஏர்கோன அடைங்க."

ஏர்கோன் ஓடவில்லை. அவள் கையைப் பிடித்தேன், சுட்டது. ஈரத் திருநீறு சூட்டை மறைக்கிறதோ என்று அதைத் துடைக்கப் போனேன்.

"வேணாங்க, சாமி குத்தம்."

"தள்ளு."

துடைத்தேன். நர்ஸ் இந்த முறை கருவியைக் காதில் வைத்துப் பார்த்தாள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

கவிதா பிழைத்துவிட்டாள். ஆனாலும் சாந்தி அவளுக்குத் திருநீறு பூசும்போதெல்லாம் அந்த எண்தான் என் கண்ணில் நிற்கிறது.

நாற்பது புள்ளி இரண்டு டிகிரி செல்சியஸ்.