இரவல் கேட்கும் பல்லுக்காரர்

"ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைக்குமா? சாயங்காலம் கொண்டாந்து தந்துடறேன்."

நான்காம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கதவைக் கால்வாசி திறந்து அவரை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயது, முன்வழுக்கை, சட்டைக் கையெல்லாம் வெள்ளைப் பொடி, காதிடுக்கில் ஒரு குட்டித் தூரிகை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் குடியே முழுகிப்போகப் போகிறது என்பதுபோல முகத்தில் அப்படி ஒரு கவலை. கதவு அரைவாசி ஆகிறது, பிறகு முழுசாகத் திறக்கிறது. அரைமணி கழித்து அவர் படியிறங்கும்போது கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அந்த வீட்டுக்காரருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை, குழந்தைக்கு வீசிங் தொல்லை, குழந்தையின் அம்மா நீச்சலில் கெட்டிக்காரி என்கிற சேதிகளும் கூடவே இறங்கிவரும்.

அவர் வீட்டில் ஏற்கெனவே சொந்தமாக ஏழு ஸ்க்ரூ டிரைவர்கள் உண்டு.

"எட்டாவதா?" என்று மனைவி கேட்பார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். வரும் இரவல் சாமான்களைப் போட்டுவைக்க வாசலருகே ஒரு பிளாஸ்டிக் கூடையே வைத்துவிட்டார்.

"உனக்குப் புரியாது. நாமளாப் போய் 'ஏதாவது உதவி வேணுமா'ன்னு கேட்டா, இவன் எதுக்கு அடி போடறான்னு பார்ப்பாங்க. 'எனக்கு உதவி பண்ணுங்க'ன்னு போய் நின்னு பாரு. உள்ள வந்து உக்காரச் சொல்வாங்க."

இரவல் வாங்கியதைச் சும்மா திருப்பித் தரும் பழக்கமும் கிடையாது. கத்தரிக்கோல் சாணை பிடித்துப் போகும். சல்லடையின் ஆடும் கைப்பிடி இறுகிப் போகும். அதைக் கொடுக்கிற சாக்கில் இன்னொரு அரைமணி.

தொழில், பல்செட் கட்டுவது. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இரண்டாம் மாடி வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தள்ளிவைத்துப் பார்த்து, மறுபடி பிடுங்கிப் பதிப்பார். மேஜை முழுக்க வாயில்லாத சிரிப்புகள். "எங்கெங்கேயோ இருக்கறவங்களை எல்லாம் சிரிக்க வைக்கிறேன். நம்ம கட்டடத்துல மட்டும் ஒருத்தர் பல்லையும் பார்க்க முடியல" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். இருபது வீடுகள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஒதுங்குவார்கள்.

பாச்சா பலிக்காத வீடு ஒன்றுதான். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் கப்பல் இன்ஜினீயர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "கடையில விக்குது, போய் வாங்கிக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அடுத்த மாதம் சுத்தியல் கேட்டுப் போனபோதும் அதே பதில், அதே சாத்தல்.

"மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லையா?" என்றார் மனைவி.

"பதில் சொன்னாரில்ல? அதுவே பெரிசு."

போன மழைக்காலத்தில் லிஃப்ட் நின்றுபோயிற்று. பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், பன்னிரண்டு நாள் ஆகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே ஏறி இறங்கினார்கள். முதல் திங்கட்கிழமை பிற்பகல், பல்லுக்காரர் கடைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், படித் திருப்பத்தில் ஐந்தாம் மாடிப் பெண் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நாற்பதை நெருங்குகிற வயது. வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை. அம்மாவும் அவளுமாக இருவர்தான். சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறவள். சல்லடை இரவல் வாங்கப் போன அன்றே அதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"இறங்கறது கஷ்டமில்லண்ணா. அங்க போயிட்டு வந்தப்புறம் ஏற முடியல. புதன்கிழமை போகாம விட்டுடலாம்னு பார்க்கிறேன். ஒரு நாள்தானே."

அவர் உள்ளே போய் மனைவியிடம் கேட்டார். மனைவி சிரிக்கவில்லை. "விடவே கூடாது. உடம்புல நீர் கோத்துக்கும், மூச்சு முட்டும். விளையாட்டுக் காரியமில்ல."

அன்று மாலை அவர் ஐந்தாம் மாடிக்கு ஏறினார். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவிட ஆள் பிடிக்கிறேன் என்றதும் அவள் முகம் சுருங்கியது.

"வேணாம். பீரோ தூக்கற மாதிரி நாலு பேர் என்னைத் தூக்கி, அதை நாப்பது பேர் வேடிக்கை பார்க்க வேணாம்."

பல்லுக்காரர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"சரி, அதை விடு. எனக்கு ஒரு உதவி பண்றியாம்மா? பீங்கான் பல்லு சுடற அடுப்பு புதுசா வாங்கினேன். கூட வந்த புஸ்தகம் நமக்குத் தெரியாத பாஷை. ரெண்டு தடவை கருக்கிட்டேன்."

"அண்ணா, உங்க வீட்டுல ஸ்க்ரூ டிரைவர் எத்தனை இருக்குன்னு எனக்குத் தெரியும். அண்ணி சொல்லிட்டாங்க."

அவருக்கு அசடு வழிந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கரியாய்ப் போன ஆறு முன்பற்கள். "இது நெசம்மா."

அவள் அவற்றை உள்ளங்கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "புஸ்தகம் எத்தனை பக்கம்?"

"நாப்பது."

"ஒரு தடவை தூக்கினா நாலு பக்கம். சும்மா யாரும் என்னைத் தூக்க வேணாம்."

அங்கிருந்து நேரே மூன்றாம் மாடி. இன்ஜினீயர் கதவைத் திறந்து, வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தார். பல்லுக்காரர் முந்திக்கொண்டார்.

"கடையில விக்கறது எதுவும் வேணாம் சார். ஒரு பொண்ணை நாற்காலியோட அஞ்சு மாடி தூக்கணும். ஆள் தேடிடுவேன். யாரும் விழாம எப்படித் தூக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல."

இன்ஜினீயர் சாத்தப் போன கதவைப் பாதியில் நிறுத்தினார். "நாற்காலி கை வச்சதா, இல்லாததா?" என்று கேட்டார்.

புதன்கிழமை பிற்பகல் எல்லாம் தயார். நாற்காலியின் இரு பக்கமும் இன்ஜினீயர் இரும்புக் குழாய்களை வைத்துக் கட்டியிருந்தார். நெட்டையர்கள் இருவர் கீழே, குட்டையர்கள் இருவர் மேலே என்பதும் அவர் ஏற்பாடு. நான்காம் மாடி நீச்சல்காரம்மா ஒரு முனை, முதல் மாடி ஜிம் மாஸ்டர் ஒரு முனை, இன்ஜினீயரே ஒரு முனை, நான்காம் மாடி வங்கிக்காரர் ஒரு முனை. பல்லுக்காரருக்கு மூட்டுவலி, தூக்க முடியாது. முன்னால் பின்பக்கமாக ஏறிக்கொண்டே, "இன்னும் ஏழு படி. திருப்பம். மெதுவா" என்று குரல் கொடுத்தார். சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவராலும் சும்மா நிற்க முடியவில்லை. செருப்பு ஸ்டாண்டை நகர்த்து, விளக்கைப் போடு, தண்ணீர் கொண்டா என்று பல்லுக்காரர் ஆளுக்கொரு வேலை வைத்துவிட்டார். நாற்காலியில் இருந்தவள் சோர்வுக்கு நடுவிலும் அடுப்புப் புத்தகத்தின் நாலு பக்கத்தை வாய்விட்டுத் தமிழில் படித்துக்கொண்டே வந்தாள். "சூடு ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது" என்று அவள் படித்ததும், "ஐயோ, நான் திறந்துட்டேனே" என்று அவர் நின்றுவிட, பின்னால் நாலு பேரும், "படி ஏறுங்க, படி" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் முறை போட்டுக்கொண்டார்கள். தன் முறை வரவில்லை என்று இரண்டு பேருக்கு மனத்தாங்கல்கூட.

பன்னிரண்டு நாள் சொன்ன லிஃப்ட் பதினைந்தாம் நாள் ஓடியது. அன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அந்தப் பெண்ணோடும் அம்மாவோடும், துணைக்கு என்று பல்லுக்காரரும் ஐந்தாம் மாடியில் ஏறிக்கொண்டார். நான்காம் மாடியில் லிஃப்ட் நின்றது; நீச்சல்காரம்மாவும் குழந்தையும், "கீழ வரைக்கும் வர்றோம்" என்று ஏறினார்கள். கூடவே வங்கிக்காரரும் மனைவியும். மூன்றாம் மாடியில் மறுபடி நின்றது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இன்ஜினீயர் நின்றிருந்தார். அவர் ஒரு காலை உள்ளே வைத்ததும் பாரம் அதிகம் என்று லிஃப்ட் கீச்சிட்டது. அவர் காலைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளே இருந்தவர்களில் இறங்க யாருக்கும் மனசில்லை.

பல்லுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். இன்ஜினீயரின் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டு, கதவு மூடியதும், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.