மூடியுள்ள அம்புக்கூடு

லண்டன், மோர்டன். வில், அம்பு விற்கும் கடையொன்றில் நிற்கிறேன். ஒவ்வோர் அம்புக்கூட்டிலும் அம்புகளைச் செருகி, தலைகீழாகக் குலுக்கிப் பார்க்கிறேன்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். “இங்கை வில்லாலை வேட்டையாட ஏலாது அண்ணை,” என்கிறார்.

“நான் வேட்டையாடுறது கனடாவிலை தம்பி. அம்பின்ரை கூர் அலகு வெளியிலை தெரியக்கூடாது.”

போன வருடம், சட்டென்று அம்பை உருவலாம் என்று அலகுகளை மறைக்கும் கூட்டின் மூடியை நானே கழற்றி எறிந்தேன். காட்டில் ஈரமரத்தில் வழுக்கினேன். விழாமல் தாங்கிப் பிடித்த, கூட வேட்டைக்கு வந்த மச்சானின் உள்ளங்கையை என் அம்பு கிழித்தது.

ஆழமான மூடியுள்ள கூட்டைக் குலுக்குகிறேன். அம்புகள் அசையவில்லை. இதுதான்.

“வேட்டைக்குக் கூட ஆரும் வந்தால், அவருக்கும் ஒண்டு தரட்டோ?”

“வேண்டாம் தம்பி. மச்சான்ரை விரல் இனி மடங்காது.”