பிரெஞ்சில் செத்த பெரியப்பா

பிரெஞ்சில் எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று பதினொரு வயதில் நம்பினேன். என்னைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரான சாரத்தில், வீட்டுப் பேச்செல்லாம் தமிழ்; பிரெஞ்சு பீரோவுக்குள் இருந்தது. யார் பிறந்தது, யார் செத்தது எல்லாம் முத்திரையோடு அந்தக் காகிதங்களில்தான்.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். பென்ஷன் தொடர, வருடத்துக்கு ஒரு தடவை பிரெஞ்சு கான்சுலேட்டுக்கு நேரில் போய், தான் சாகவில்லை என்று காட்ட வேண்டும். வீட்டில் அதற்கு 'உயிர் காட்டுறது' என்று பெயர். மாடியில் அவர், கீழே நாங்கள். அப்பாவும் அவரும் பேசிக்கொள்வதில்லை. அவசரத்துக்கு நடுவில் நான்தான் தபால்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு டீச்சர் மதாம், சொந்த வாழ்க்கையில் நடந்ததைப் பிரெஞ்சில் கதையாக எழுதச் சொன்னார். என் வாழ்க்கையில் என்ன நடந்தது? சைக்கிள் பஞ்சரானது. அதனால் பெரியப்பாவை மாரடைப்பில் சாகடித்தேன். மதாம் நோட்டுகளை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கறத சனிக்கிழம கான்சுலேட்காரங்ககிட்ட காட்டப் போறேன்" என்றார்.

பெரியப்பா உயிர் காட்டப் போவது திங்கட்கிழமை!

நீங்கள்தான் செத்துவிட்டீர்களே என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே! திங்கள் காலையில், இஸ்திரி போட்டு வைத்திருந்த அவர் பேன்ட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். போகாவிட்டாலும் பென்ஷன் நின்றுவிடும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

"டேய், பேன்ட்டு எங்கடா?"

மாடியே அதிர்ந்தது. டிரம்மிலிருந்து பேன்ட்டை எடுத்துவந்து வைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்தார்.

"எப்பிடிடா செத்தேன்?"

"மாரடைப்பு, பெரியப்பா."

"கூட்டம் வந்துச்சா?"

"சாரமே வந்துச்சி. மேளமெல்லாம் வச்சேன்."

"உங்கப்பன்?"

"அப்பாதான் ரொம்ப அழுதாரு. யார் தேத்தியும் நிறுத்தல."

"அதையும் பிரெஞ்சுலயேவா எழுதின?"

"ஆமாம் பெரியப்பா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கே அடிக்கலாம் என்று இடம் பார்க்கிறார் என நினைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவரோ எழுந்து, பேன்ட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"நேரமாயிடுச்சி. உங்கப்பன வண்டிய எடுக்கச் சொல்லு."

நான் செய்த தாமதத்தால்தான் வண்டி கேட்கிறார் என்று நினைத்தேன். கீழே ஓடி அப்பாவிடம் சொன்னேன். அதுதான் அவர்களுக்கு நடுவில் நான் சேர்த்த கடைசித் தபால்.

மதாம் என் கதையை யாருக்கும் காட்டவில்லை. இருபதுக்கு ஒன்பது போட்டு, நம்பும்படி இல்லை என்று எழுதியிருந்தார். பெரியப்பாவுக்கு அந்த வருட முத்திரை கிடைத்தது. ஸ்கூட்டரில் அவரை அழைத்துப்போய்க் கூட்டிவந்தது அப்பா.