முனை எங்கம்மா போச்சு?

“…சரிம்மா, ஒடைஞ்சுதுன்னே வெச்சுக்குவோம். ஒடைஞ்ச முனை எங்க? தகட்டுல இல்ல, தட்டுல இல்ல. இன்னா, காத்துல கரைஞ்சு பூடுச்சா?”

கேட்டவர் எங்கள் சூப்பர்வைசர். ஒரகடத்துச் சின்னக் கம்பெனி ஒன்றில், சி.என்.சி. மிஷினில் பித்தளைப் பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டுவது என் வேலை. எழுத்தை வெட்டுகிற ஊசி போன்ற பிட்டின் முனை தலைமுடி கனம்தான். ஒடிந்தால் பித்தளைத் தூளோடு போய்விடும், நான் எங்கே தேட?

நல்ல பிட்டைப் பக்கத்து ஊரான படப்பையில் ஏதோ கடையில் தள்ளிவிட்டு மொக்கையைக் காட்டுகிறேன் என்பது அவர் நினைப்பு. வாயால் சொல்லவில்லை. என் சாப்பாட்டுப் பையைப் பார்த்த பார்வை சொன்னது. திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பேக்கிங் என்று போர்டிலும் எழுதிவிட்டார். கெஞ்சிக் கெஞ்சி வாங்கிய மிஷின் அது.

எனக்கோ அதே மிஷினை ராத்திரி ஷிப்டில் ஓட்டும் அண்ணன் மேல் சந்தேகம். அவர் தடித்த பிட் ஓட்டுகிறவர்; வேகத்தை ஏற்றி வைத்துவிட்டுப் போகிறாரோ? வந்ததும் அதைத்தான் பார்ப்பேன். சரியாகவே இருக்கும். அதுவே இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். தகடு ஆடாமல் ஒட்டுவேன், பிட்டை நேராகக் குத்தாமல் சாய்வாக இறக்குவேன், தூளைக் காற்றடித்து ஊதுவேன். அப்படியும் ஆயுத பூஜை லீவு முடிந்ததிலிருந்து டிக், டிக் என்று ஒடிந்தது. “உன்ன மாதிரியேடி, ஒல்லிங்க எதையும் தாங்க மாட்டேங்குதுங்க” என்று பக்கத்து மிஷின் அக்கா வேறு.

அன்றைக்கு சூப்பர்வைசர் தன் கண்ணெதிரில் பிட்டை மாற்றச் சொன்னார். வழக்கமாக நட்டைத் தளர்த்தினால் போதும். அவர் விடவில்லை, பிட்டைக் கவ்விப் பிடிக்கிற காலெட்டையும் கழற்றி வாங்கி, உள்ளே எதையோ ஒளித்து வைத்திருப்பேன் என்பதுபோல் செல்போன் டார்ச்சை அடித்தார். காலெட்டின் பிளவுகளில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொருக்காக அடைத்திருந்தன. பிட் எப்படி நேராக நிற்கும்? துளி கோணிச் சுற்றினாலும் இந்த முனை தாங்காது.

பூஜையன்று காலெட்டுகளைத் தட்டில் பரப்பி, யாரையும் தொடவிடாமல் பொட்டு வைத்தவர் அவர்தான். பக்கத்து மிஷின் அக்கா இருமினாள்.

“ஊக்கு எதுனா வெச்சிருக்கியாம்மா?” என்றார். கொடுத்தேன். சுரண்டினார். உள்ளங்கையில் விழுந்த குங்குமத் தூளைக் கீழே உதற மனசு வராமல் நெற்றியில் பூசிக்கொண்டார். நேரே போர்டுக்குப் போய், என் பெயருக்கு எதிரே இருந்த ‘பேக்கிங்’கை அழித்தார். அப்படியும் திரும்பி வந்து, என் மேஜையிலிருந்த புது பிட் டப்பாவை எடுத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.