அவொக்காத்தோவின் தோட்டாப் பெட்டி

பிறருடைய கார் ஓடுகிற தொழிலில் பெற்றோலையும் பிறேக்கையும் பார்த்தால் போதும் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். காருக்குள் கிடக்கிற தோட்டாவுக்கு வேர்க்கிறதா, குளிர்கிறதா என்றும் பார்க்க வேண்டிவரும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

பலெர்மோவில் அடுத்தவர் வீட்டில் வேலை செய்கிற உங்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. உங்களில் ஒருவர் சிஞ்ஞோராவின் பூனைக்கு மருந்து பருக்குவீர்கள். இன்னொருவர் கிழவரின் கட்டுப்பல்லைக் கழுவி வைப்பீர்கள். எனக்கு விழுந்தது தோட்டாப் பெட்டி.

என் முதலாளி ஓய்வு பெற்ற வழக்கறிஞர். அவொக்காத்தோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வயது எழுபத்தெட்டு, முயல் வேட்டைப் பைத்தியம். செப்டம்பரில் வேட்டைக் காலம் தொடங்கினால் ஜனவரி முடியும்வரை வாரத்தில் இரண்டு விடியற்காலை அவரை மலைப்பக்கம் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் வேலை. துவக்கை ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு எடுத்துப்போய் இரும்பு அலுமாரியில் பூட்டிவிடுவார். மிச்சத் தோட்டாக்கள் மட்டும் ஒரு பச்சைத் தகரப் பெட்டியில் காரின் டிக்கியிலேயே கிடக்கும். கேட்டால், "எப்பிடியும் வியாழக்கிழமை திருப்பிப் போகத்தானே போறம்" என்பார்.

அவரிடம் துவக்கு லைசென்ஸ் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்த நாட்டில் இருக்க விடுகிற பெர்மெஸ்ஸோ மட்டும். அவர் இல்லாமல் நான் தனியாக ஓடுகிற காரில் ஒரு தோட்டா அகப்பட்டாலும் அது என் தலையில்தான் விழும். அந்தப் பெர்மெஸ்ஸோவை வருகிற மார்ச்சில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வன்னியில் இருந்து வந்தவன் காரில் ஏன் தோட்டா என்று பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் கேட்டால், முயலுக்கு என்று சொல்லித் தப்ப முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

சூடு

செப்டம்பர் வெயில். கபோ சந்தைக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, அவொக்காத்தோவின் மனைவி சிஞ்ஞோராவுக்குப் பை தூக்க நான் போயிருந்தேன். அவொக்காத்தோ கோப்பி குடிக்கப் போயிருந்தார். போகும்போது புதிதாக வாங்கிய ஒரு பக்கெற் தோட்டாவை முன்கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போட்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் திரும்பி வந்து கதவைத் திறந்து அதைக் கையில் எடுத்தேன். தோசைக்கல்லைத் தொட்டது போல இருந்தது.

நான் வளர்ந்த இடத்தில் இப்படி ஒன்று கையில் சுட்டால் யோசிக்கமாட்டோம். பக்கெற்றை இருக்கையில் போட்டுவிட்டுக் குப்புற விழுந்து படுத்துவிட்டேன், மீன்கடைக்கு முன்னால், ஐஸ் தண்ணி ஓடுகிற நிலத்தில். பிறகு அவொக்காத்தோ வந்து, வெயில் சூட்டுக்கு அது வெடிக்காது, உள்ளே இருக்கிற மருந்துதான் கெட்டுப்போகும், அதனால் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். வைத்தது யார் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் அதற்கு முதலே, நான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்போதே, தலைக்கு மேலே சிஞ்ஞோராவின் குரல் கேட்டது: "எழும்பும் சிவம், மீன்காரன் உம்மையும் தராசிலை போடப் போறான்."

ஆயுத பூசை

என் மனுசி புவனமும் அதே வீட்டில்தான் வேலை செய்கிறாள். ஆயுத பூசைக்கு அவள் அந்தக் காருக்கு விபூதி பூசி, சந்தனம் வைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சங்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தாமல் விடமாட்டாள். அவொக்காத்தோவுக்கும் அதில் நல்ல விருப்பம். இன்சூரன்ஸ் கொம்பனியை விட எலுமிச்சங்காயை நம்பலாம் என்பார்.

இந்த முறை கற்பூரத் தட்டோடு புவனம் வரும்போது நான் டிக்கிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பெட்டி இருந்தது. அவொக்காத்தோ வீட்டில் இல்லை. பெட்டியைத் தூக்கி வீதியில் வைக்க எனக்கு உரிமை இல்லை, அதற்குப் பக்கத்தில் நெருப்புக் கொளுத்த மனம் இல்லை. "இஞ்சேருங்கோ, சாமிக்கு முன்னாலை சண்டை பிடிக்காதையுங்கோ" என்று அவள் கத்த, நான் கத்த, பக்கத்து வளவில் காரைக் கழுவிக்கொண்டிருந்த எமிலியான் தண்ணிக் குழாயை மூடிவிட்டு வந்து மதிலில் சாய்ந்துகொண்டான். மன்னார்க்காரன், அவொக்காத்தோவின் மைத்துனருடைய சாரதி. என்ன பிரச்சினை என்று அறிந்தபிறகு அவன் சொன்ன சொல்லுக்காக இன்றைக்கும் நான் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை: "அண்ணை, ஊர்ச்சனம் முழுக்கக் கத்தரிக்கோலுக்கும் காய் வெட்டுற கத்திக்கும் பூசை செய்யுது. மெய்யாய் ஆயுதம் வைச்சிருக்கிற நீங்கள் மட்டும் சாமியை மறிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

உப்பு

நவம்பரில் சிரோக்கோ அடித்தது. கடலைத் தாண்டி வருகிற அந்தச் சூட்டுக்காற்று வந்தால் கார் முழுக்கச் செம்மண் தூசி, சுவர் எல்லாம் வேர்வை. அதற்குப் பின்னால் மழை. அவொக்காத்தோ பாவிப்பது பழைய மாதிரிக் கடதாசித் தோட்டா. பிளாஸ்ரிக் தோட்டா காட்டில் கிடந்து உக்காது என்பது அவருடைய கொள்கை. கடதாசி என்றால் ஈரத்தைக் குடித்து ஊதும். ஈரம் இழுக்கிற சின்னப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடும்படி துவக்குக் கடைக்காரன் சொன்னதாக என்னிடம் சொன்னார்.

கடையில் போய் ஏன் வாங்க வேண்டும் என்று நான் யோசித்தேன். மாரி காலத்தில் குசினியில் முதலில் கசிவது உப்புப் போத்தல்தான். அப்படியென்றால் காற்றில் இருக்கிற ஈரம் முழுவதையும் இழுப்பது உப்புத்தானே? ஒரு துணியில் கல்லுப்பு முடிந்து தோட்டாக்களுக்கு நடுவில் வைத்தேன். உப்பு ஈரத்தை இழுத்தது என்னவோ உண்மை. இழுத்தபிறகு அதைத் தானே வைத்துக்கொள்ளாது என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. ஒரு கிழமையில் முடிச்சுக் கரைந்து, பெட்டியின் அடி முழுக்க உப்புத்தண்ணி. தோட்டாக்களின் பித்தளை அடி எல்லாம் பச்சை பிடித்து, பழைய கோயில் மணி போல இருந்தது.

பிழை என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். அதை என் காதோடு சொல்லியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? மலையில் எட்டு வேட்டைக்காரர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து சாப்பிடும்போது, நான் பாணை வெட்டிக்கொண்டு நிற்க, ஒரு பச்சைத் தோட்டாவை எடுத்துக் கையில் இருந்து கைக்குக் கொடுத்துக் காட்டினார். எட்டுப் பேரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவரோடு எனக்கு 'ஓம்', 'இல்லை' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் கதை கிடையாது. அவர் சொன்னது ஒரு எழுத்துக் கூடக் குறையாமல் மனதில் நிற்கிறது: "இனி நாங்கள் முயலுக்கு உப்புப் போடத் தேவையில்லை. சுடேக்கையே உப்புச் சேர, சிவம் ஒழுங்கு செய்துபோட்டார்."

கேட்கவில்லை

உப்பு விஷயத்துக்குப் பிறகு நான் பெட்டியைப் பற்றி எல்லாம் அறிந்துகொண்டேன். வாயில் றப்பர் வைத்த புதுப் பெட்டி வந்தது. அதில் ஒரு விஷயம் உண்டு. விறைத்துப்போன பெட்டியை வெதுவெதுப்பான இடத்தில் உடனே திறக்கக் கூடாது. ஐஸ் தண்ணி ஊற்றிய கிளாஸ் வேர்ப்பது போல உள்ளே இருக்கிற தோட்டாவும் வேர்த்துவிடும். பெட்டியும் சூட்டுக்கு வந்தபிறகுதான் மூடியைத் தொட வேண்டும்.

ஜனவரியில் மலையில் பனி விழுந்த ஒரு விடியற்காலை. இரவு முழுக்க டிக்கியில் விறைத்த பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொண்டார். காரில் ஹீற்றர் போட்டிருந்தது, இரண்டு பேரின் மூச்சுக்கும் கண்ணாடி புகைத்துக் கிடந்தது. மூடியைத் திறக்கப் போனார். எனக்குத் தெரியும். ஆனால் நான் ஏன் சொல்ல வேண்டும்? உப்பை எட்டுப் பேருக்குச் சொன்ன வாய்தானே அது. பேசாமல் ஸ்ரியறிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வேர்த்த தோட்டாக்களை அவர் துடைக்காமல் பொக்கற்றில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். முயல் ஒன்று நேர் முன்னால் வந்து குந்தியிருந்ததாம். ஊதிப்போன கடதாசித் தோட்டா துவக்குக்குள் போகமாட்டேன் என்று நின்றதாம். "உமக்கு உது தெரியுமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "ஏன் சொல்லேல்லை?" என்றார். அன்றைக்கு மட்டும் இரண்டு சொல் கூடக் கதைத்தேன்: "நீங்கள் கேக்கேல்லை." அவர் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த முயல் உம்மட்டை ஒண்டுமே கேக்கேல்லை. அதுக்கு மட்டும் உயிர்ப்பிச்சை குடுத்திருக்கிறீர்."

நாலாம் மாடி

வேட்டைக் காலம் முடிந்தது. பெட்டி டிக்கியை விட்டுப் போகவில்லை. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வரச் சொல்லி குவெஸ்தூராவில் இருந்து எனக்குத் திகதி வந்தது. அன்று காலை நான் கார்ச் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, இரண்டரை மாதத்தில் முதல் முறையாக ஒரு நீள வசனம் சொன்னேன்: "பெட்டி மேலை வருமட்டும் நான் காரை எடுக்க மாட்டன்." ஒரு வழக்கறிஞருக்கே சட்டம் படிப்பிக்கிறீரோ என்று கேட்டார். நான் சாவியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

வீடு நாலாம் மாடியில், லிப்ற் பழுது. பெட்டியைத் தொட எனக்கு லைசென்ஸ் இல்லை. அவரே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஏறினேன். விழுந்தால் பிடிக்கத்தான். ஆனால் அது எனக்குக் கொஞ்சம் இனித்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் மாடியில் அவர் படியில் இருந்துவிட்டார். மேலே கைபிடியில் சாய்ந்துகொண்டு சிஞ்ஞோரா சொன்னார்: "மலையிலை முயலுக்குப் பின்னாலை ஓடேக்கை உந்த மூச்சு எங்கையிருந்து வாறது?"

மழைக்கோட்டு

பெப்ரவரியில் சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திப் பழுக்கிற மந்தரின் வரும். இரண்டு பெட்டி வாங்கிவரச் சொல்லி சிஞ்ஞோரா என்னைத் தனியே அனுப்பினார். திரும்பி வரும்போது பிரான்காச்சோவில் பொலிஸ் மறித்தது. எனக்குப் பயமே இல்லை. தோட்டாப் பெட்டி நாலாம் மாடியில் இரும்பு அலுமாரிக்குள் இருக்கிறது. டிக்கியை நானே திறந்துவிட்டு, பழம் எடுங்கள் என்று கூடச் சொன்னேன். பின் இருக்கையில் அவொக்காத்தோவின் மழைக்கோட்டு கிடந்தது. கடைசி வேட்டையன்று நனைந்ததைக் காய விட்டிருந்தார். பொலிஸ்காரர் அதைத் தூக்கி உதறினார். இரண்டு தோட்டா தார் வீதியில் விழுந்து உருண்டன.

பெட்டியைப் பூட்டி என்ன? பொக்கற்றை நான் பார்க்கவில்லை. அவொக்காத்தோவுக்குப் போன் அடித்தார்கள். ராக்சியில் வந்து இறங்கினார், காலில் வீட்டுச் செருப்போடு. பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் விளக்கினார்: இது உங்களுடையது என்றால் நான் வழக்கு எழுத வேண்டும், எழுதினால் உங்கள் லைசென்ஸ் போகும், இந்த வயதில் அது திரும்பி வருமோ தெரியாது.

அந்த மழைக்கோட்டை மழை நாளில் நானும் சில முறை போட்டிருக்கிறேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிவத்தின் கோட்டு என்று ஒரு சொல் சொன்னால் அவருடைய வேட்டை தப்பும், என் பெர்மெஸ்ஸோ போகும். நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் வாய் வளர்த்த மனிதர். நான் அவருக்குச் சொன்ன ஒவ்வொரு 'ஓமும்' 'இல்லையும்' அப்போது என் காதில் கேட்டது.

அவர் கோட்டை வாங்கிப் பார்த்தார். மற்றப் பொக்கற்றுக்குள் கையை விட்டுத் துழாவி, மூன்றாவது தோட்டாவை எடுத்துப் பொலிஸ்காரரின் கையில் வைத்தார். "இதையும் சேர்த்து எழுதுங்கோ. கோட்டும் என்ரை, மறதியும் என்ரை. இந்த மனுசன் செப்டம்பரிலை இருந்து சொல்லிக்கொண்டு வந்தவர், கேளாதது நான்."

பெர்மெஸ்ஸோ என் கைக்கு வந்தும் லைசென்ஸ் அவர் கைக்கு வராமலும் இருக்கிற இந்த நாளில் எனக்கு விளங்குவது இவ்வளவுதான்: வெயில், காற்று, மழை, பனி எது வந்தாலும் தோட்டாவைப் பழுதாகாமல் வைக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் ஒரு மனிதர் மேல் அவ்வளவு பக்குவமாக வைத்திருந்த கோபத்தை அவரே ஒரு நிமிஷத்தில் நமுத்துப்போகப் பண்ணிவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய.