சித்தப்பாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை

சித்தப்பா சீட்டை மெதுவாக இறக்கி நான் பார்த்ததில்லை. கையைக் காதுக்கு மேலே ஓங்கி, தரையில் விரித்திருக்கும் கம்பளியில் ஓர் அறை அறைவார். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொண்டு வீறிடும். அதற்கும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். "பிள்ள வளக்கத் தெரியாதவளுக்கெல்லாம் பிள்ள எதுக்கு?" என்பார், அந்தத் தாய்க்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக. அவள் தன் முதல் குழந்தையை மண்டபம் முகாமில் பறிகொடுத்தவள். அது அவருக்கும் தெரியும்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அங்கே லயம் என்று சொன்ன தொழிலாளர் வரிசை வீட்டை இங்கே லைன் என்றார்கள்; அறை மட்டும் அதே அகலம்தான். அப்பா, அம்மா, அக்கா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, எல்லோரும் அதற்குள். சித்தப்பாவுக்கு ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். பகலில் மற்றவர்கள் கொழுந்து பறிக்க மலைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவோம். அவர் தூங்கி எழுந்து கம்பளியை விரித்தால், நாங்கள் திரும்பிய பிறகும் ஆட்டம் ஓடும். ஆட்டத்துக்கு வருகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரம்மி. அதைச் சோம்பேறிகளின் ஆட்டம் என்று திட்டி, எங்கள் பக்கத்து முன்னூற்று நாலைக் கற்றுக்கொடுத்தார். அதில் ஒருவன் துரும்புச் சீட்டை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைத்திருப்பான். தனக்கு வேண்டிய நேரத்தில்தான் திருப்புவான். "இது மூளை உள்ளவன் வெளையாட்டு" என்பார் சித்தப்பா. தோற்றால் மட்டும் சீட்டு ஈரமாகிவிட்டது என்று குற்றம் சொல்வார்.

கம்பளியின் ஓரத்தில் அவருடைய டிரான்சிஸ்டர் இருக்கும். கப்பலில் குழந்தையைப்போல மடியில் வைத்துக் கொண்டுவந்தது. எங்கள் லைனில் வேறு யாரிடமும் ரேடியோ கிடையாது. அதை அவர் கைதான் தொடலாம். பெண்கள் திருகினால் ஊசி தேய்ந்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. மனிதன் சந்திரனில் இறங்கியது சுத்தப் பொய், ஊட்டிக் குளிருக்கே நாலு கம்பளி வேண்டியிருக்கும்போது அங்கே எவன் நிற்பான் என்று கேட்பார். பிரஷர் குக்கரில் வெந்த சோறு ஆண்மைக்குக் கெடுதல். அரசியல் என்றால், அதிலும் எங்களைக் கப்பலேற்ற ஒப்பந்தம் போட்ட இரண்டு நாட்டுப் பிரதமர்கள் என்றால், இன்னும் உற்சாகம் வந்துவிடும். "அங்கயும் ஒரு பொம்பள, இங்கயும் ஒரு பொம்பள. ரெண்டு பேரும் உக்காந்து நம்மள ஆட்டுக்குட்டி மாதிரி பங்கு போட்டுக்கிட்டாங்க" என்பார். அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் அப்பாகூடச் சிரிப்பார். விலைவாசிக்கு வந்தால், அங்கே பாண் என்கிற ரொட்டிக்கு வரிசையில் நின்றதையே மறந்து, பாண் என்றால் அந்த ஊர்ப் பாண்தான் என்று பெருமூச்சு விடுவார். இங்கே அரிசி விலை ஏறியதற்குக் காரணம் என் அம்மா அதிகமாகச் சோறு வடிப்பது. கேத்தியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றும் லாரி டிரைவர் ஒருவர் ஆட்டத்துக்கு வருவார். அவர்தான் ஒருநாள், "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதது ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். கிண்டல் என்று எங்களுக்கெல்லாம் புரிந்தது. சித்தப்பா மட்டும் நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல" என்றார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போக முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய கருத்துகளில் ஒன்று என் அக்காவைப் பற்றியதாக இருந்தது.

அக்காவை அம்மாவின் கடைசித் தம்பிக்கு என்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். முறை மாமன், அதில் கேட்பதற்கு எதுவுமில்லை. மாமாவின் பேப்பர்கள் மட்டும் எங்களுடையவற்றோடு வராமல் பின்தங்கிவிட்டன. அடுத்த கப்பலில் வந்துவிடுவேன் என்று எங்களை ஏற்றிவிட்டு அவர் தோட்டத்துக்கே திரும்பிப் போனார். அவருக்கு எழுத்து வராது. யாரையாவது கெஞ்சி எழுதச் சொல்லித்தான் கடிதம் போடுவார்; அதனால் இடைவெளி விட்டுத்தான் வரும். ஒரு மழைக்காலத்தில் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. அக்கா மலையிலிருந்து இறங்கியதும், முதுகுக் கூடையைக்கூட இறக்காமல், கடிதம் உண்டா என்று என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

சித்தப்பா சீட்டைக் கலைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "அவன் அங்க ஒரு சிங்களத்திய சேத்துக்கிட்டான். வரமாட்டான்." யார் சொன்னது என்று அம்மா பதறினாள். "எவன் சொல்லணும்? ஆம்பள மனசு ஆம்பளைக்குத் தெரியும்." அதோடு விட்டாரா? அக்காவுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அதைச் சுட்டிக்காட்டி, ஆட்டக்காரர்கள் முன்னிலையில், "இந்த மூஞ்சிக்காக எவன் கடல் தாண்டி வருவான், சொல்லுங்க பாப்போம்?" என்றார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அடுப்படிக்குப் போய் உலையை ஊதினாள். அன்றைக்கு அவள் அழவில்லை, சாப்பிடவும் இல்லை.

அதன் பிறகு கடிதமே வரவில்லை. ஒவ்வொரு மாதமும் சித்தப்பாவின் கருத்து உறுதிப்பட்டுக்கொண்டே போனது. நான் அப்பவே சொன்னேனே என்பதை அவர் சொல்லும்போது, வாயில் வெல்லக்கட்டி இருப்பதுபோல இருக்கும். அக்கா முதலில் நம்பவில்லை; பிறகு பாதி நம்பினாள்; பிறகு கோபம் வந்துவிட்டது. மாமாவைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுவாள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் தேவாலாவிலிருந்து ஒரு வரனைச் சித்தப்பாவே கொண்டுவந்தார். இஞ்சி போடும் சிறு விவசாயி, மனைவியை இழந்தவர், அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றாள். அவன் அங்கே ஒருத்தியோடு இருக்கும்போது நான் ஏன் இங்கே காத்துக்கிடக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். கல்யாணச் சாப்பாட்டில் சித்தப்பா இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டு, இப்போது சர்க்கரை விற்கும் விலையைப் பற்றிப் பேசினார்.

மறு வருஷம் எங்கள் பழைய தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் லைனுக்கே வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்து அம்மாள் என் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "தம்பி போனதுக்கு எப்புடி மனச தேத்திக்கிட்டீங்க?" என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்சரிவில் லயம் புதைந்து மாமா இறந்துபோயிருந்தார். எங்கள் முகவரி எழுதிய கடிதங்களும் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டன. நீலகிரி என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால், கடல் தாண்டிப் போனவர்களுக்கு எல்லோரும் செய்வதுபோல, கூட்டாளிகள் சேர்ந்து, இங்கேயும் கேட்கும் இலங்கை ரேடியோவில் மரண அறிவித்தல் கொடுத்திருக்கிறார்கள். "ஒங்க பேரெல்லாம் சொல்லித்தானே வந்திச்சி. பெரிய மக பேரையும் போடணும்னு அவங்க ஒரே பிடியா நின்னாங்க. நான் அடுப்படியில இருந்தேன், பாதிதான் கேட்டேன். ஒங்ககிட்ட ரேடியோ இருக்கேன்னு நெனச்சோமே" என்றாள்.

ரேடியோ இருந்தது. அறிவித்தல் வரும் பகல் நேரத்தில் நாங்கள்தான் வீட்டில் இருப்பதில்லை. சித்தப்பாவும் இருந்தார், கம்பளியில், சீட்டோடு. அம்மா போய் முன்னால் நின்றதும் அவர் மறைக்கக்கூட இல்லை. "ஆமா, கேட்டேன். அப்ப சொல்லி என்னா ஆகப்போவுது? செத்தவன் எந்திரிச்சி வந்து தாலி கட்டப் போறானா?" என்றார். அப்பா முதல்முறையாகத் தம்பி மேல் கையை ஓங்கினார். "நல்லா வாழ்ந்துகிட்டு இருக்கிற பிள்ளைய இப்ப போய்க் கலைக்காதீங்க" என்று எங்களுக்கே புத்தி சொன்னார் சித்தப்பா. அவர் ஏன் மறைத்தார் என்பதைப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அக்கா மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. மாமா துரோகி என்று சொல்லியாகிவிட்டது. அவன் செத்துத்தான் போனான் என்று இப்போது சொன்னால் தன் வார்த்தை பொய்யாகிவிடும். அந்த ஒன்றுக்காக, செத்துப்போன ஒருவனை என் அக்கா ஊரறிய வெறுக்கும்படி விட்டார்.

சேதி கேட்டு அக்கா தேவாலாவிலிருந்து வந்தாள். வயிற்றில் பிள்ளை. வீட்டுக்குள்கூட வராமல் நேராகச் சித்தப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். சண்டை போடப்போகிறாள் என்று நாங்கள் பயந்தோம். அவள் சத்தம்கூட எழுப்பாமல் கேட்டாள்: "என் பேர என்னான்னு சொன்னாங்க? அக்கா மகள்னு சொன்னாங்களா, கட்டிக்கப்போற பொண்ணுன்னு சொன்னாங்களா?" அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த மனிதன் சாகும்போது அவள் அவனுக்கு யாராக இருந்தாள் என்பது.

"யாருக்கு ஞாபகம்?" என்றார் சித்தப்பா. "அப்ப நான் சீட்டு வெளையாடிக்கிட்டு இருந்தேன். சரியா காதுல விழல."

இப்படிப்பட்டவர்கள் கஷ்டப்பட்டுச் சாவார்கள் என்று கதைகளில்தான் வருகிறது. சித்தப்பா பிறகு குன்னூரில் பெண் கட்டி, பிள்ளைகள் பெற்று, பேரப்பிள்ளைகளின் போனைப் பிடுங்கிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வயது வரைக்கும் சௌக்கியமாக இருந்தார். "இந்த போனுல சீட்டு வெளையாடுறான், எதிராளி மூஞ்சியே தெரியல. அப்புறம் யாரப் பாத்து ஏமாத்துறது?" என்று கடைசியாகப் பார்த்தபோது என்னிடம் கேட்டார். கேஸ் சிலிண்டர் விலைக்கும் அரசாங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார். சென்ற ஆடியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சுலபமாகப் போனார். எனக்கு அதில்தான் ஆத்திரம்.

அக்காவுக்கு போன் செய்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நானே கூடலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து தேவாலாவுக்குப் போனேன். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அக்கா கொட்டகையில் குந்தி இஞ்சியில் ஒட்டிய மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா போய்விட்டார், நாளைக் காலையில் எடுக்கிறார்கள், அவருடைய பெரிய மகன், நீ வருவாயா என்று கேட்கச் சொன்னான் என்றேன். அவள் நிமிரவில்லை. கையிலிருந்த கிழங்கைச் சுத்தம் செய்து முடித்துக் கூடையில் போட்டாள்.

"அக்கா சீட்டு வெளையாடிக்கிட்டு இருந்தா, சரியா காதுல விழலன்னு போய்ச் சொல்லு" என்றாள்.

நான் போய் அப்படியே சொன்னேன்.